குடைக்கடைப் பெண் காத்திருக்கவில்லை: ‘ஷெர்பூரின் குடைகள்’ கேள்வி பதில்

படம் 1964 பிப்ரவரியில் பிரான்சில் வெளியானது. இயக்கம் ழாக் தெமி, இசை மிஷெல் லெகிரான். ஓடும் நேரம் 91 நிமிடம். அதில் ஒரு வரிகூட வெறும் பேச்சு கிடையாது, எல்லாமே பாட்டு. ஷெர்பூர் துறைமுக ஊரில் குடைக்கடை நடத்தும் மதாம் எமெரியின் மகள் ழெனெவியெவும் (கேத்தரின் தெனெவ்) மெக்கானிக் கீயும் காதலிக்கிறார்கள். கீயை அல்ஜீரியப் போருக்கு அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கர்ப்பமாக இருக்கும் அவள் வைர வியாபாரி ரோலான் கஸாரைக் கட்டிக்கொள்கிறாள். திரும்பி வரும் கீ, அத்தையைப் பார்த்துக்கொண்ட மத்லேனை மணக்கிறான். கீழே கடைசிக் காட்சிவரை பேசியிருப்பதால், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

சார், கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். கார் ரிப்பேரைக்கூடப் பாடினால் எப்படிப் பார்ப்பது?

கார் ரிப்பேரில்தான் படமே ஆரம்பிக்கிறது. முதல் வசனம் ‘முடிஞ்சதா?’. அதற்குக் கீ சொல்லும் பதில், ‘முடிஞ்சது. இன்ஜின் சூடாகாதபோது இன்னும் கொஞ்சம் தட்டுது, அது சகஜம்தான்.’ இதை ஜாஸ் தாளத்தில் பாடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் கை கழுவும் இடத்தில் ஒரு மெக்கானிக், ‘இந்த ஆப்பெராவில் எல்லாரும் பாடிக்கிட்டே இருக்காங்க, எனக்கு ஒத்துக்காது, சினிமாதான் பிடிக்கும்’ என்று பாடியே சொல்கிறான். உங்கள் புகாரைத் தெமி முதல் ஐந்து நிமிடத்திலேயே படத்துக்குள் எழுதி வைத்துவிட்டார்.

நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பாட்டு எப்போது வரும், எப்போது முடியும் என்று காத்திருப்போம். இங்கே பல்லவி, சரணம் என்று பிரித்துக் கேட்க முடியாது, ‘பாட்டு முடிந்தது, இனி கதை’ என்ற இடைவெளியும் வராது. வரிகளும் எதுகை மோனை பார்க்காத அன்றாடப் பேச்சு. அதனால் பாட்டாகக் கேட்காமல் பேச்சாகக் கேளுங்கள். வரி பாக்கிக்கும் காதலுக்கும் ஒரே எடைதான் என்பது இருபதாவது நிமிடத்துக்குள் காதுக்குப் பழகிவிடும். படத்தின் சாரமும் அதுதான்.

கேத்தரின் தெனெவ் சொந்தக் குரலில் பாடினாரா?

இல்லை. தெனெவுக்குத் தனியெல் லிக்காரி, கீயாக நடித்த இத்தாலிய நடிகர் நீனோ கஸ்தெல்நுவோவுக்கு ஹொசே பார்தெல், அம்மாவாக வரும் ஆன் வெர்னோனுக்கு லெகிரானின் சகோதரி கிறிஸ்தியான் லெகிரான். பின்னணிக் குரலில் வளர்ந்த நமக்கு இது செய்தியே இல்லை. வேறுபாடு அளவில்தான். நம் படத்தில் ஐந்து நிமிடப் பாட்டுக்கு வாயசைத்தால் போதும், இங்கே 91 நிமிடமும் வாயசைப்பு. மொத்த ஒலியையும் முதலிலேயே பதிவு செய்து, அதை ஓடவிட்டுத்தான் படம்பிடித்தார்கள். ஆகவே நடிகர் நினைத்த இடத்தில் ஒரு மூச்சு கூடுதலாக நிற்க முடியாது. கடைக் கதவிலிருந்து மேசைவரை நடக்க இசையில் ஆறு விநாடி இருந்தால் ஆறு விநாடியில் நடந்தாக வேண்டும். சிலர் ‘தெனெவ் பொம்மை மாதிரி இருக்கிறார்’ என்கிறார்கள். இந்தக் கட்டுக்குள் கண்ணை மட்டும் வைத்து அவர் செய்வதைப் பாருங்கள். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்கவில்லை.

‘நீ இல்லாமல் வாழவே முடியாது’ என்று பாடியவள் ஆறு மாதம் தாங்கவில்லை. இவளைக் கதாநாயகி என்று எப்படிச் சொல்வது?

அதிகம் பேர் எழுதிய கருத்து இதுதான். தேதிகளை வைத்துப் பார்ப்போம், தெமியே திரையில் எழுத்தில் போடுகிறார். முதல் பாகம் 1957 நவம்பர். இரண்டாம் பாகம் 1958 ஜனவரியில் தொடங்குகிறது. அவள் கர்ப்பம். கீயின் கடிதங்கள் அபூர்வம். கட்டாய ராணுவ சேவை இரண்டு வருடம். அவன் உயிரோடு வருவானா என்பதே தெரியாது.

அன்றைய பிரான்சையும் கணக்கில் எடுங்கள். 21 வயது நிரம்பாதவர் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மணம் செய்ய முடியாது. மேஜர் வயது 18 ஆனது 1974-ல்தான். கருத்தடை மாத்திரை சட்டப்படி கிடைத்தது 1967-க்குப் பிறகு, கருக்கலைப்பு 1975-ல். கடையோ கடனில் மூழ்குகிறது. சின்ன ஊரில், கல்யாணம் ஆகாமல் வயிற்றோடு நிற்கும் பதின்வயதுப் பெண்ணுக்கு எத்தனை கதவு திறந்திருந்தது?

இதையெல்லாம் தெமி வசனமாக்கவில்லை. ஒரே ஒரு வரி வைக்கிறார். வெளியே தெருவில் கார்னிவல் கூத்து. உள்ளே ழெனெவியெவ் கீயின் புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டு, அவன் முகமே மறந்துபோகிறது, நினைத்தால் இந்தப் படம்தான் வருகிறது என்கிறாள். துரோகம் என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. மறதி எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன காதல் படம் எனக்குத் தெரிந்து இல்லை.

கீ மட்டும் யோக்கியனா என்றும் கேட்கலாம். 1959 மார்ச்சில் காலில் காயத்தோடு வந்தவன், வேலையை விடுகிறான், குடிக்கிறான், துறைமுகப் பக்கம் ஒரு விலைமகளோடு இரவைக் கழிக்கிறான். ஜென்னி என்ற அந்தப் பெண் தன் பெயர் ழெனெவியெவ் என்கிறாள். காலையில் வீடு திரும்பினால் அத்தை இறந்துபோயிருக்கிறாள். அவனை யாரும் திட்டிக் கருத்து எழுதவில்லை!

அம்மாதான் வில்லி. பணக்கார மாப்பிள்ளைக்காகத் திட்டம் போட்டவள். சரிதானே?

பாதி சரி. வரி கட்டச் சொல்லி வந்த நோட்டீஸில்தான் அவள் கணக்கு ஆரம்பமாகிறது. முத்து மாலையை விற்கப் போகிறாள். நகைக்கடைக்காரர் கைமேல் பணம் தர மாட்டேன் என்கிறார். அங்கே நின்றிருந்த கஸார் வாங்கிக்கொள்கிறார். அந்த நிமிடத்திலிருந்து அம்மாவின் பேச்சில் அவர் பெயர் அடிபடத் தொடங்குகிறது. ஆனால் கஸாரும் கெட்டவர் இல்லை. பிறக்கப்போகும் குழந்தை நம்முடையது என்று ஏற்றுக்கொள்கிறார். யார் மேலும் பழி போட முடியாததுதான் இந்தப் படத்தில் எரிச்சல் தரும் விஷயம். எரிச்சல் படட்டும் என்றுதான் தெமி அப்படிச் செய்திருக்கிறார்.

ஜனவரியில் ராஜாக்கள் கேக் வெட்டும் காட்சியை மறுபடி பாருங்கள். கேக்குக்குள் ஒரு சின்னப் பொருள் ஒளிந்திருக்கும். யார் துண்டில் அது வருகிறதோ அவருக்குக் கிரீடம், அவர் தன் ஜோடியைத் தேர்ந்தெடுக்கலாம். ழெனெவியெவுக்கு அது கிடைக்கிறது. மேசையில் இருக்கும் ஒரே ஆண் கஸார். ‘எனக்கு வேறு வழியில்லை, நீங்கள்தான் என் ராஜா’ என்கிறாள். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது.

நான் பார்த்த பிரதியில் எல்லாமே வெளிறிய ரோஸ். ‘வண்ணத்துக்காகவே பார்க்கலாம்’ என்கிறார்களே, எங்கே வண்ணம்?

நீங்கள் பார்த்தது நிறம் போன பழைய பிரதியிலிருந்து எடுத்ததாக இருக்கும். படம் ஈஸ்ட்மன்கலர் என்ற வண்ணப் படச்சுருளில் எடுத்தது. அந்தக் காலத்து ஈஸ்ட்மன்கலர் பிரதிகளில் மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் அழியாது. பச்சை கலந்த நீலச் சாயம் முதலில் போகும், மிஞ்சுவது சிவப்பும் ரோஸும். சுவர்த்தாளுக்கும் உடைக்கும் நிறம் பொருத்தி எடுத்த படத்துக்கு இதைவிடக் கேடு கிடையாது. அரங்க அமைப்பாளர் பெர்னார் எவென் ஊரின் உண்மையான சுவர்களுக்கே வண்ணம் அடித்தார். உடைகளை வடிவமைத்த ழாக்லின் மொரோ கூடவே வேலை செய்தார். கர்ப்பிணி ழெனெவியெவ் சுவர்த்தாளுக்குள் கரைந்துபோவது போலத் தெரிவது தற்செயல் இல்லை.

நல்லவேளை, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிக் கறுப்பு வெள்ளைச் சுருள்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அவற்றில் இருப்பது சாயம் அல்ல, வெள்ளி, அது மங்காது. மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்று சேர்த்தால் பழைய நிறம் திரும்பும். சிக்கல், சுருள்கள் மூன்றும் காலப்போக்கில் ஒரே அளவில் சுருங்காது; சேர்க்கும்போது உருவங்களின் ஓரத்தில் வண்ணக் கோடு தெரியும். அதைச் சரிசெய்வதுதான் உழைப்பு. தெமி 1990-ல் இறந்த பிறகு அவர் மனைவி, இயக்குநர் ஆக்னெஸ் வார்தா மேற்பார்வையில் படம் மீட்கப்பட்டது. 2013-ல் மறுபடி டிஜிட்டலில் மீட்டெடுத்தார்கள். அந்தப் பதிப்பைத் தேடுங்கள்.

சோதிக்க எளிய வழி: கடைசிக் காட்சிக்கு ஓட்டிப் பாருங்கள். பெட்ரோல் பங்கில் விழும் பனி வெள்ளையாக இருக்க வேண்டும். ரோஸ் அடித்தால் மூடிவிடலாம். டிவியின் பட அமைப்பில் ‘விவிட்’ வேண்டாம், ‘சினிமா’ வையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். இந்தச் சுவர்கள் ஏற்கெனவே பளிச்சென்று இருக்கின்றன, டிவியும் சேர்ந்து ஏற்றினால் மிட்டாய்க் கடை ஆகிவிடும்.

இருவரும் கட்டிப்பிடித்தபடி தெருவில் நடக்காமலே மிதந்து போகிறார்களே, அது எப்படி?

கேமராவுக்கான நகரும் வண்டியில் அவர்களையும் ஏற்றி நகர்த்தினார்கள். கால் தெரியாதபடி ஃபிரேம், அவ்வளவுதான். சிலருக்கு இது செயற்கையாகப் படுகிறது. எனக்கும் முதலில் பார்க்கையில் சிரிப்பு வரும் இடம்தான். ஆனால் அதோடு ரயில் நிலையக் காட்சியைச் சேர்த்துப் பாருங்கள். அங்கேயும் ஒருவர் கால் அசையாமல் விலகிப் போகிறார், ரயில் இழுத்துக்கொண்டு போகிறது. சேர்ந்து மிதந்தவர்களில் ஒருத்தி பிளாட்பாரத்தில் சின்னதாகிக்கொண்டே நிற்கிறாள்.

கஸார் பாடும்போது திடீரென்று ஆளே இல்லாத ஒரு கடைவீதி வருகிறது. எடிட்டிங் தவறா?

தவறு இல்லை. அது நாந்த் நகரத்தின் பொம்ரே கடைவீதி. தெமியின் முதல் முழுநீளப் படம் ‘லோலா’ (1961) அங்கே நடக்கிறது. அதில் லோலாவைக் காதலித்து ஏமாந்தவன் இதே கஸார், நடித்தவரும் அதே மார்க் மிஷெல். இங்கே அவர் பாடுவது அந்தப் பழைய மெட்டுதான். ‘லோலா’ பார்க்காதவர்களுக்குக் கஸார் பணத்தால் ஜெயித்தவர். பார்த்தவர்களுக்கு அவரும் விட்டுப்போன ஒருத்தியைச் சுமப்பவர்.

தங்கப்பனை வாங்கிய படம்தானே? ஆஸ்கரில் ஏன் இரண்டு வருடம் பெயர் வருகிறது?

1964-ல் கான் திரைப்பட விழாவின் உயரிய பரிசு இதற்குத்தான். ஆனால் 1964 முதல் 1974 வரை அந்தப் பரிசின் பெயர் தங்கப்பனை அல்ல, ‘கிராண்ட் ப்ரீ’. ஆஸ்கரில் முதலில் வெளிநாட்டுப் படப் பிரிவில் பிரான்சின் சார்பாகப் பரிந்துரை. அமெரிக்காவில் வெளியான பிறகு, மறுவருடம் கதை, பாடல், இசை என்று நான்கு பரிந்துரைகள். பரிசு ஒன்றும் வரவில்லை.

ஆங்கில சப்டைட்டில் போதுமா?

போதும், ஒரு குறையோடு. பிரெஞ்சில் நமக்குப் போலவே ‘நீ’யும் ‘நீங்களு’ம் உண்டு, ஆங்கிலத்தில் அது போய்விடும். கஸாரிடம் ழெனெவியெவ் பேசுவது ‘நீங்கள்’. பல வருடம் கழித்து பெட்ரோல் பங்கில் கீயைப் பார்க்கும்போது ‘நீ’. அந்த ஒரு எழுத்தைக் காதில் பிடித்தால் கடைசிக் காட்சி வேறு மாதிரி கேட்கும்.

கீ ஏன் மகளைப் பார்க்க மறுக்கிறான்? கல்நெஞ்சா?

1963 டிசம்பர். அத்தை விட்டுப்போன பணத்தில் வாங்கிய எஸ்ஸோ பங்க். மனைவியும் மகனும் கடைக்குக் கிளம்புகிறார்கள், அவர்கள் போனதும் கறுப்புக் கார் வந்து நிற்கிறது. உள்ளே ழெனெவியெவ், பின்னல் போய்க் கொண்டை, ரோமக் கோட்டு. பக்கத்தில் ஒரு சிறுமி. அலுவலக அறைக்குள் போகிறார்கள். பையன் உதவியாள் வந்து சூப்பரா, சாதாரணமா என்று கேட்கிறான். இத்தனை வருடம் கழித்துச் சந்திப்பவர்களுக்கு நடுவே பெட்ரோல் ரகம் பற்றிய கேள்வி!

அவள் மகள் பெயர் பிரான்சுவாஸ், அவன் மகன் பெயர் பிரான்சுவா. காதலிக்கும்போது பேசிவைத்த பெயரை இருவரும் தனித்தனியே வைத்திருக்கிறார்கள். ‘அவளைப் பார்க்கிறாயா?’ என்கிறாள். அவன் தலையசைத்து மறுத்துவிட்டு, ‘நீ கிளம்பலாம் என்று நினைக்கிறேன்’ என்கிறான். கதவருகே ‘நீ நல்லா இருக்கியா?’ ‘ம், ரொம்ப நல்லா.’

பார்த்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். காருக்குள் இருக்கும் குழந்தைக்கு அப்பா கஸார். இவனுக்கு இரண்டு நிமிடத்தில் மனைவி திரும்பி வருவாள். எட்டிப் பார்த்தால் இரண்டு வீடுகள் கலையும். கல்நெஞ்சு என்பவர்கள் அடுத்த ஷாட்டைப் பார்க்கவில்லை. கார் போனதும் திரும்பி வந்த மகனோடு பனியில் விளையாடுகிறான், ‘நீ இல்லாமல் வாழவே முடியாது’ மெட்டு கோரஸோடு பெருகுகிறது, கேமரா பின்வாங்குகிறது. ‘ரொம்ப நல்லா’ என்பது பொய்யா நிஜமா என்று பார்வையாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். நான் நிஜம் என்ற கட்சி. அழுகை வருவதே அது நிஜம் என்பதால்தான்.

‘லா லா லேண்ட்’ இதன் காப்பியா?

காப்பி இல்லை. கடன் வாங்கியதை அந்த ஹாலிவுட் இசைப்படத்தின் இயக்குநர் சஸெல் மறைத்ததும் இல்லை. அங்கே கடைசியில் ‘இப்படி நடந்திருந்தால்’ என்று ஒரு கனவு ஓடும். தெமி அந்தக் கனவைத் தரமாட்டார்.

அடுத்து எதைப் பார்ப்பது?

முதலில் ‘லோலா’, பிறகு ‘ரோஷ்ஃபோர் பெண்கள்’ (1967). இரண்டாவதில் தெனெவும் அவர் அக்கா பிரான்சுவாஸ் தொர்லியாக்கும் சேர்ந்து நடித்திருக்கிறார்கள். இடையிடையே பேச்சு உண்டு, நடனம் நிறைய, ஹாலிவுட் நடன நட்சத்திரம் ஜீன் கெல்லி வருகிறார். முழுக்கப் பாடும் வடிவம் மறுபடி வேண்டுமென்றால் ‘நகரத்தில் ஓர் அறை’ (1982), 1955 நாந்த் வேலைநிறுத்தக் கதை. இசை லெகிரான் அல்ல, மிஷெல் கொலொம்பியே. ஷெர்பூரின் மென்மையை எதிர்பார்த்து அதில் உட்காராதீர்கள், ரத்தம் சிந்தும்.