கிணற்றடியில் சாப்பிட்டவள்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு வயது 34. கணவர் அப்பளம் கடிக்கும் சத்தம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் ஓடவிடும் வீடியோ, ஊதுபத்தி வாசனை, எதையும் தாங்க முடியவில்லை. உடம்பு பதறி அழுகை வருகிறது. ஆடி மாதம் எதிர்க்கோயில் மைக்செட் போட்டால் அம்மா வீட்டுக்கு ஓடிவிடுகிறேன். ‘ஓவரா பண்றே’ என்கிறார்கள். எங்கள் தெருவே காட்டுமிராண்டிக் கூட்டம். இது நோயா? தியானம் செய்தால் சரியாகுமா?

க., மதுரை

அன்புள்ள க.,

தியானம் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஊதுபத்தியை அணைத்துவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. மெல்லுவது, உறிஞ்சுவது போன்ற சின்னச் சத்தங்கள் சிலருக்குத் தாங்க முடியாத தவிப்பைத் தருவதற்கு மிஸோஃபோனியா என்று பெயர். அந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தே கால் நூற்றாண்டுதான் ஆகிறது. அதற்கு வெகுகாலம் முன்பே என் அத்தைக்கு அது இருந்தது.

போன மாதம் அத்தையின் திதி. அன்றிலிருந்து அவள் நினைப்பாகவே இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. எவர்சில்வர் தட்டில் கரண்டி உரசினால் போதும், அவள் முகம் வெளிறிவிடும். அவள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து நான் டம்ளரைத் தரையில் தேய்ப்பேன். பெரியவர்கள் சிரிப்பார்கள். பிறகு அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். ‘இங்கதான்டா காத்தாட இருக்கு’ என்பாள். சாகும்வரை அங்கேதான் சாப்பிட்டாள். காற்றுக்காகத்தான் போகிறாள் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அதனால் உங்கள் வீட்டாரிடம் எனக்குக் கோபம். உங்களிடமும்தான். ‘காட்டுமிராண்டிக் கூட்டம்’ என்று எப்படி எழுதினீர்கள்? காது கூர்மையாக இருப்பதால் யாரும் உயர்ந்தவராகிவிடுவதில்லை. முளைப்பாரி எடுக்கிற அந்தச் சில நாளுக்காக ஆண்டு முழுக்கக் காசு சேர்க்கிறவர்கள் அவர்கள். நீங்கள் ஊரைவிட்டு ஓடுவது ஏனென்று அவர்களில் ஒருவருக்காவது தெரியுமா? யாரிடமும் பேசியதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

சட்டம் உங்கள் பக்கம்தான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். 75 என்றால் பகல் வரம்பைப்போல் நூறு மடங்கு. ஆனால் போலீசுக்குப் போகுமுன் மைக்செட்காரரிடம் போங்கள். குழாய், வாய் பார்த்த பக்கம்தான் முழு வேகத்தில் கத்தும். உங்கள் ஜன்னலைப் பார்க்காமல் திருப்பிக் கட்டினாலே பாதி வேதனை தீரும். அதற்கு அவருக்கு ஏணியும் ஐந்து நிமிடமும் போதும்.

கேட்பார்களா என்று நினைப்பீர்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டி கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாதென்று பல பத்தாண்டுகளாக அங்கே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வெடிக்கு ஏங்குகிற பிள்ளைகள் அந்த ஊரிலும் உண்டு. நாரைக்கும் கொக்குக்கும் அடங்குகிற ஜனம்தானே உங்கள் தெருவிலும் இருக்கிறது? பறவைக்கு வாய் கிடையாது, பார்த்துப் புரிந்துகொண்டார்கள். உங்களுக்கு வாய் இருக்கிறது.

கணவரிடமும் ‘சத்தம் போடாதீங்க’ என்று சீறாதீர்கள். ‘எனக்கு வலிக்குது’ என்று சொல்லுங்கள். என் அத்தை அந்த ஒரு சொல்லைச் சொல்லவே இல்லை.

ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. மைக்செட்காரரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.