வெலிங்டனின் ‘வாவ்’ என்ற உடைக்கலை நிகழ்ச்சியைக் காணக் குழுச் சுற்றுலாவில் சேர வேண்டுமா, தனியாகவே போய்விடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கும் நீங்கள் நியூசிலாந்தின் தென் தீவில் வசிப்பவர், தையலில் ஈடுபாடு உள்ளவர், வீட்டில் உடன் வர ஆளில்லாதவர் என்று நானாகவே அனுமானித்துக்கொள்கிறேன். என் நிலையும் அதுதான் என்பதால், குழுவுடன் போங்கள் என்றே சொல்வேன். குழுச் சுற்றுலா என்றாலே வயதானவர்களைப் பேருந்தில் ஏற்றி இறக்கும் வேலை என்று கேலி செய்பவர்கள் இங்கேயும் வருவார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த அரங்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

வேர்ல்ட் ஆஃப் வேரபிள்ஆர்ட் என்ற முழுப்பெயர் கொண்ட இந்த நிகழ்ச்சி, கடையில் விற்பதற்கான உடைகளை மாடல்கள் அணிந்து நடந்து காட்டும் வகையைச் சேர்ந்தது அல்ல. சூசி மான்கிரீஃப் என்ற சிற்பி 1987இல் தென் தீவின் நெல்சன் நகருக்கு அருகே ஒரு கிராமப்புறக் கலைக்கூடத்துக்கு விளம்பரம் தேடி, ஒரு கூடாரத்தில் இதைத் தொடங்கினார். 2005இல் வட தீவிலுள்ள வெலிங்டனுக்கு இடம் மாறியது. பல நாட்டு வடிவமைப்பாளர்கள் போட்டிக்கு அனுப்பும் படைப்புகள் நடனம், இசை, ஒளியமைப்பு ஆகியவற்றோடு மேடையேறுகின்றன. மரம், உலோகம், பிளாஸ்டிக் என்று எதைக் கொண்டும் செய்யலாம். ஆனால் ஒருவர் அதை அணிந்து அசைய முடிய வேண்டும்.

நான் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஒரு குழுவுடன் போனேன். பிக்டன் துறைமுகம் வரை ஏறத்தாழ 340 கிலோமீட்டர் பேருந்துப் பயணம், பிறகு இரு தீவுகளுக்கும் இடையிலுள்ள குக் நீரிணையைக் கடக்கக் கப்பலில் மூன்றரை மணி நேரம். விமானத்தில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாமே என்று என் உறவினர்கள் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை; ஆனால் அந்த நீண்ட பயணத்தில்தான் பக்கத்து இருக்கைக்காரர், நாடக உடைகள் தைத்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி, எடை மிகுந்த உடையைத் தோளில் தொங்கவிடாமல் உள்ளே ஒரு பட்டை வைத்து இடுப்பில் தாங்கச் செய்வது எப்படி என்று தன் கைப்பையின் வாரைக் கொண்டே எனக்கு விளக்கினார். மறுநாள் இரவு, ஆளைவிட அகலமான ஒரு படைப்பை அணிந்த நடனக்காரர் மெல்லத் திரும்பியபோது, அரங்கமே வண்ணத்தைப் பார்த்துக் கைதட்டியது. நாங்கள் இருவரும் அவருடைய இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தனியாகப் போயிருந்தால் எனக்கு அந்தப் பார்வை வாய்த்திருக்காது. எல்லாக் குழுவிலும் இப்படிப்பட்ட ஒருவர் கிடைப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த நிகழ்ச்சிக்கென்றே கிளம்பும் பேருந்தில் தையல் தெரிந்தவர்கள் இல்லாமல் போவதும் அரிது.

பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது இருக்கையைப் பற்றித்தான். விளம்பரத்தில் தங்கும் விடுதியின் படமும் காலை உணவும் பெரிதாக இருக்கும். அரங்கில் எந்தப் பகுதியில் இடம் என்பது இருக்காது. "நல்ல இருக்கைகள்தான் அம்மா" என்ற பதிலை நான் ஏற்காமல், பகுதியையும் வரிசையையும் எழுத்தில் கேட்டு வாங்கினேன். ஏற்பாட்டாளருக்கு அது பிடிக்கவில்லை என்பது அவருடைய அடுத்த மின்னஞ்சலிலேயே தெரிந்தது. நுணுக்கமான வேலைப்பாட்டை நடுவர்கள் அருகிலிருந்து ஆராய்ந்துதான் மதிப்பிடுகிறார்கள். நமக்கோ தூரத்திலிருந்து ஒரு சில நிமிடங்களே கிடைக்கின்றன. அதிலும் பக்கவாட்டு மூலையில் அமர்த்தினால் பாதிப் படைப்புகளின் முதுகைத்தான் காண்போம். இதைக் கேட்பதைக் கறார்தனம் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

குழுவாகப் போவதில் இன்னொரு வசதி, அறை. செப்டம்பர் இறுதியை ஒட்டி நிகழ்ச்சி நடக்கும் அந்தச் சில வாரங்களில் வெலிங்டனில் விடுதி அறை கிடைப்பதே பாடு. குழுவினருக்கு முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பார்கள். ஆனால் தனியாக வருபவரிடம் தனி அறைக்கென்று கூடுதல் கட்டணம் வாங்குகிறார்களே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அறையின் வாடகை ஒருவருக்கும் இருவருக்கும் ஒன்றுதான் என்ற கணக்கு எனக்கும் புரிகிறது. இருந்தாலும் இந்தப் பேருந்துகளை நிரப்புபவர்களில் கணவரை இழந்தவர்களும் மணமாகாதவர்களும் கணிசமாக இருக்க, கட்டண அட்டவணையை மட்டும் தம்பதிகளுக்காகவே எழுதுகிறார்கள். முன்பின் அறியாத ஒருவருடன் அறையைப் பகிரச் சம்மதித்தால் அந்தத் தொகையை விட்டுக்கொடுக்கும் ஏற்பாட்டாளர்களும் உண்டு. பதிவுப் படிவத்தில் அது பெரும்பாலும் குறிப்பிடப்படுவதில்லை என்பதால், இருக்கையைப் பற்றிக் கேட்கும் அதே மின்னஞ்சலில் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.