கேள்வி–பதில்: ராஜா போனார், வேலி நிற்கிறது

கேள்வி: நியூயார்க் நகரின் மிகப் பழைய பூங்காவுக்குக் குத்தகைப் பணம் ஒரே ஒரு மிளகு என்கிறார்களே, நிஜமா? (வாசகி, தேனி)

பதில்: நிஜம்தான். மன்ஹாட்டன் தென்முனையில், பிராட்வே தொடங்கும் இடத்தில் உள்ள பௌலிங் கிரீன்தான் அந்தப் பூங்கா. கோட்டைக்கு எதிரே கிடந்த திடலை 1733-இல் நகர மன்றம் ஜான் சேம்பர்ஸ், பீட்டர் பேயார்ட், பீட்டர் ஜே ஆகிய மூவருக்குக் குத்தகைக்கு விட்டது. ஆண்டுக்கு ஒரு மிளகு. பதிலுக்கு ஏதாவது கைமாறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்பது ஆங்கிலேயர் வழக்கம். அதற்காகப் பெயருக்கு ஒரு மிளகு. நம்மூரில் அரசு நிலத்தை ஆண்டுக்கு ஒரு ரூபாய்க்கு விடுவதில்லையா, அப்படித்தான். திடலை அடைத்து, பந்து உருட்டி விளையாடப் புல்தரையும் நடைபாதையும் அமைக்க வேண்டும் என்பதுதான் உண்மையான நிபந்தனை.

கேள்வி: அங்கிருந்த அரசர் சிலையை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்தார்களாமே? (வாசகர், காரைக்குடி)

பதில்: ஆமாம். குதிரை மேல் அமர்ந்த இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் சிலை அது, 1770-இல் நிறுவப்பட்டது. தங்க முலாம் பூசிய ஈயம், எடை சுமார் 1,800 கிலோ. 1776 ஜூலை 9 அன்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைப் படைவீரர்கள் முன் வாசித்தார்கள். அன்று மாலையே கூட்டம் சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்துவிட்டது. வெண்கலமாக இருந்திருந்தால் பெரிய உலை வேண்டியிருக்கும். ஈயம் 327 டிகிரியிலேயே உருகும், வீட்டு அடுப்பே போதும். துண்டுகள் கனெக்டிகட் மாநிலத்தின் லிட்ச்ஃபீல்டுக்குப் போயின. அங்கே, அந்தப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான ஆலிவர் வால்காட் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து வார்த்த குண்டுகள் 42,088. குண்டுக்கு 26 முதல் 31 கிராம் என்று வைத்தால் 1,100–1,300 கிலோதான் கணக்கில் வருகிறது. மிச்சத்தில் ஒரு பங்கை அரசரின் ஆதரவாளர்கள் வழியிலேயே எடுத்து ஒளித்துவிட்டார்கள். 1871-இல் அதே மாநிலத்தின் வில்டன் ஊரில் குதிரை வால் உள்ளிட்ட துண்டுகள் மண்ணுக்கடியில் கிடைத்தன.

கேள்வி: அடுத்த மாதம் நியூயார்க் போகிறேன். அந்தக் காலத்து மிச்சம் எதையாவது பார்க்கலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: 4 அல்லது 5 எண் சுரங்க ரயிலில் பௌலிங் கிரீன் நிலையத்தில் இறங்குங்கள். பூங்கா அரை ஏக்கர்தான். வடக்கே பாயும் காளைச் சிலை முன் வரிசை நீளமாக இருக்கும். அது 1989-இல் வந்தது. நீங்கள் பார்க்க வேண்டியது பூங்காவைச் சுற்றியுள்ள இரும்பு வேலி. 1771-இல் போட்ட அதே வேலி. அதன் உயரமான தூண்களின் உச்சியைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருக்கும். அரச சின்னங்களை அறுத்தெடுத்த ரம்பத்தின் தடம் அது. 1914-இல் ரயில் பணிக்காக வேலியைக் கழற்றி சென்ட்ரல் பார்க்கில் போட்டார்கள். பெரும்பகுதியை 1919-இல் தேடிப்பிடித்துத் திரும்ப நட்டார்கள். 1970 முதல் அது நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னம். குதிரை வால் நியூயார்க் வரலாற்றுச் சங்க அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. சென்ட்ரல் பார்க்கின் மேற்குப் பக்கம், 77-ஆம் தெரு.