பிரிட்டிஷ்காரன் நாக்கு

கேள்வி: பாவம் பிரிட்டிஷ்காரர்கள், அவித்த உருளைக்கிழங்கைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள். இப்போதுதான் வீட்டில் வகைவகையாகச் சமைக்கக் கற்றுக்கொள்கிறார்களாமே?

பதில்: அந்த ‘இப்போதுதான்’ இருக்கிறதே, முதலில் அதைப் பிடுங்கி எறிவோம். 1747லேயே ஹன்னா கிளாஸ் என்ற அம்மாள் தன் சமையல் புத்தகத்தில் ‘இந்திய முறையில் கறி’ எழுதிவிட்டார். கோழி அல்லது முயல், பொடியாக நறுக்கிய வெங்காயம், மிளகு 30 (எண்ணித்தான் போட வேண்டும்), கொத்தமல்லி விதையைச் சுத்தமான கரி அள்ளும் தட்டில் போட்டு நெருப்பின் மேல் வறுத்துப் பொடிக்க வேண்டும், உப்பு ஒரு தேக்கரண்டி. கவனியுங்கள், ஒரு தேக்கரண்டி! இந்தப் பத்திரிகையின் சமையல் பக்கத்தில் இன்றைக்கும் ‘உப்பு தேவையான அளவு’ என்றுதான் வருகிறது. தேவையான அளவு தெரிந்தவன் எதற்குப் புத்தகத்தைப் புரட்டுகிறான் என்று அந்தப் பக்கம் பார்க்கிறவரோடு வருஷக்கணக்காக மல்லுக்கு நிற்கிறேன், அசைகிறாரில்லை.

சரி, இடையில் அந்த நாக்குக்கு என்ன ஆயிற்று? பல காரணங்கள் சொல்வார்கள், எனக்குப் பெரிதாகப் படுவது ரேஷன். 1940 ஜனவரியில் ஆரம்பித்து 1954 ஜூலை வரை. போர்க்காலத்தில் ஆளுக்கு வாரம் ஒரு முட்டை, 2 அவுன்ஸ் வெண்ணெய், 2 அவுன்ஸ் தேயிலை. 1940ல் பிறந்த பிள்ளை 14 வயது வரை கூப்பனுக்கு வந்ததைத்தான் தின்றது. ஆலிவ் எண்ணெய் மருந்துக் கடையில் கிடைத்தது, காதில் விட்டுக்கொள்ள.

இந்த நிலைமையில்தான் 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் சுவிட்சர்லாந்தில் ஸ்பகெட்டி (கோதுமை மாவைப் பிசைந்து இழைக்கிற இத்தாலிய நூடுல்ஸ்) அறுவடை என்று காட்டினார்கள். மரக்கிளையெல்லாம் ஸ்பகெட்டி தொங்குகிறது, பெண்கள் பறித்துக் கூடையில் போட்டு வெயிலில் காயவைக்கிறார்கள். ரிச்சர்ட் டிம்பிள்பி, நாடே மதித்த குரல், முகத்தில் சிரிப்பே இல்லாமல், இந்த வருஷம் ஸ்பகெட்டி வண்டு ஒழிந்தது, அதனால் நல்ல விளைச்சல் என்கிறார். எல்லாம் ஒரே நீளத்தில் இருப்பது எப்படி? பரம்பரை பரம்பரையாகப் பொறுமையாக வளர்த்தெடுத்த ரகமாம்! பார்த்தவர்களில் சிலர் பிபிசிக்குப் போன் போட்டு, எங்கள் வீட்டில் இந்த மரம் வளர்க்க வழி உண்டா என்று விசாரித்தார்கள். ஒரு ஸ்பகெட்டிக் குச்சியைத் தக்காளிச் சாறு டப்பாவில் நட்டுவைத்து, நல்லதே நடக்கும் என்று நம்புங்கள் என்று பதில் வந்ததாம். சிரிக்காதீர்கள். அவர்களில் பலருக்கு ஸ்பகெட்டி என்றால் டப்பாவில் தக்காளிச் சாற்றில் மிதக்கிற சமாச்சாரம்தான். மரத்தில் காய்க்கிறது என்றால் ஏன் நம்பக்கூடாது?

அதே நாட்டுச் சமையலறை அலமாரியில் இன்று வட ஆப்பிரிக்க மிளகாய் விழுதான ஹரிஸா, எள் விழுதான தஹினி, கொரிய மிளகாய் விழுதான கொச்சுஜாங் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. குடியேறி வந்தவர்கள் கடை திறந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், அப்புறம் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் லாபத்தை மோப்பம் பிடித்தன. தொலைக்காட்சிக்கும் பங்குண்டு. 1982ல் மதுர் ஜாஃப்ரி இந்தியச் சமையலையும், 1984ல் கென் ஹாம் சீனச் சமையலையும் பிபிசியில் செய்துகாட்டினார்கள். 2015ல் கேக் போட்டியில் ஜெயித்த நதியா உசேன் வங்கதேசப் பெற்றோருக்கு லூட்டனில் பிறந்தவர். அடுத்த வருஷம் ராணியின் 90வது பிறந்தநாளுக்கு ஆரஞ்சு கேக் செய்து கொடுத்தார்.

கலந்தால் சண்டையும் வரும். 2018ல் பிரபல பிரிட்டிஷ் சமையல்காரர் ஜேமி ஆலிவர் ‘ஜெர்க் ரைஸ்’ என்று மைக்ரோவேவில் சூடுபண்ணுகிற சோற்றுப் பொட்டலம் விற்றார். ஜெர்க் என்பது ஜமைக்காவில் இறைச்சியை மசாலாவில் ஊறவைத்துச் சுடுவது, சோற்றுக்கும் அதற்கும் என்ன உறவு என்று நாடாளுமன்ற உறுப்பினர் டான் பட்லரே பிடித்துக்கொண்டார். என் கட்சி டான் பட்லர்தான். ஆனாலும் ஒன்று, மீனை மாவில் தோய்த்துப் பொரிப்பதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து யூதர்கள் என்கிறார்கள். அதையே தேசிய உணவாக்கிக்கொண்டார்களே, அதற்கு யார் சண்டைக்குப் போனார்கள்?

நம் ஆட்கள் இந்த விஷயத்தில் இன்னும் மோசம். பீட்ரூட் சாம்பார் குறிப்பு போட்டதற்கு வந்த வசவுக் கடிதங்கள் ஒரு கட்டு என் மேஜையில் கிடக்கிறது. முக்கால்வாசி மொட்டைக் கடிதம். அதில் ஒன்றின் கையெழுத்து, உங்கள் கேள்வி வந்த அட்டையில் இருப்பது மாதிரியே இருக்கிறதே, எப்படி?