கேக்குக்கு ஒன்று, தொக்குக்கு ஒன்று

கேள்வி: பையன் பிறந்தநாளுக்கு ஆப்பிள் கேக் செய்தேன். தள்ளுவண்டி ரேடிக்காரரிடம் நல்ல சிவப்பாகப் பளபளவென்று இருந்ததாகப் பொறுக்கி ஒரு கிலோ வாங்கினேன். கேக்கை வெட்டினால் நடுவில் களி மாதிரி இருக்கிறது, ஆப்பிள் துண்டையே காணோம். தப்பு அவனிலா, என்னிடமா?
(வாசகி, மயூர் விஹார்)

பதில்: அவன் என்று நீங்கள் சொல்வது மின்அடுப்பைத்தானே, ரேடிக்காரரை இல்லையே? யார் மேலும் தப்பில்லை, ஆப்பிள் மேல்தான். அடிப்பக்கம் ஐந்து முட்டு முட்டிக்கொண்டு, மேலே அகன்று கீழே ஒடுங்கி இருந்ததா? அப்படியென்றால் அது டெலிஷியஸ் ரகம், இமாசலத்துக்காரர்கள் ராயல் என்று சொல்வதும் இதே குடும்பம்தான். சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர், பிற்பாடு சத்யானந்த் ஸ்டோக்ஸ் ஆனவர், 1916-ல் சிம்லாவைத் தாண்டியுள்ள கோட்கரில் இதன் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார். இன்று டெல்லியில் வெறுமனே ஆப்பிள் என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் எடை போடுகிறார்கள். அப்படியே கடித்துத் தின்ன நல்ல பழம், ஆனால் புளிப்பு குறைவு, அதனால் சூடு பட்டதும் குழைந்துவிடும்.

புளிப்புக்கும் குழைவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சாம்பாரில் புளி விட்ட பிறகு காய் போட்டால் வேகவே வேகாது என்று பாட்டி திட்டுவாரே, அதே சங்கதிதான். பழத்தின் சதையைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது பெக்டின், புளிப்பு இருந்தால் அது லேசில் கரையாது. எனவே பச்சை நிற கிரானி ஸ்மித் எவ்வளவு வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும், ஆப்பிள் பை (pie) செய்ய அதுதான். கேக்குக்கு என் ஓட்டு கோல்டனுக்கு. மஞ்சளும் பச்சையுமாக, தோலில் பொடிப்பொடியாகப் புள்ளி வைத்திருக்குமே, சிவப்பாக இல்லை என்று நம்மில் பாதிப் பேர் ஒதுக்கிவிட்டு வருவது. சாப்பிடவும் நன்றாக இருக்கும், ஓரளவு உருக்குலையாமல் வேகவும் செய்யும். பாதி கோல்டன், பாதி கிரானி ஸ்மித் போட்டால் இன்னும் விசேஷம்.

இன்னொன்று, ஆப்பிளில் ஏறக்குறைய கால் பங்கு வெறும் காற்று, தண்ணீரில் போட்டால் மிதப்பதே அதனால்தான். வேகும்போது காற்று போய்ச் சுருங்கும், தண்ணீர் விடும். நறுக்கிய துண்டில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை பிசறி அரை மணி வைத்து, ஊறிய தண்ணீரை வடித்துவிட்டு மாவில் சேருங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், பையனுக்குக் கொடுங்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் தொக்கு போட மாங்காய்க்கு எங்கே போவது? ஆப்பிளில் போடலாம் என்கிறார்கள், என் மாமியார் சிரிக்கிறார்.
(வாசகி, ஆர்.கே.புரம்)

பதில்: சிரிக்கட்டும், தயிர்சாதத்துக்கு ஒரு ஸ்பூன் வைத்துவிட்டு அப்புறம் கேளுங்கள். கிரானி ஸ்மித் மட்டும்தான், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கும், விலை கொஞ்சம் கடிக்கும். நான்கு பழத்தைத் தோலோடு துருவுங்கள். துருவும்போதே கறுத்துப்போகும், பயப்பட வேண்டாம், மிளகாய்ப்பொடி போட்டால் எல்லாம் ஒரே நிறம். நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டுக் கடுகு வெடித்ததும் பெருங்காயம், மஞ்சள்பொடி, துருவல், உப்பு, காரப்பொடி போட்டு எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை கிளறி, கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயமும் சுண்டைக்காய் அளவு வெல்லமும். மாங்காய் அளவுக்குப் புளிப்பு வராது, ஆறியதும் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். மாங்காய்த் தொக்கு மாதிரி மாதக்கணக்கில் வெளியே வைக்க முடியாது, ஃபிரிட்ஜில் வைத்துப் பத்து நாளில் தீர்த்துவிடுங்கள். ராயலில் முயற்சி பண்ணிவிட்டு எனக்கு எழுதாதீர்கள், அது ஜாம்.

கேள்வி: மே மாதம் வாங்கும் ஆப்பிள் வெளியே ஜோராக இருக்கிறது, கடித்தால் உள்ளே மாவு. ஏன்?
(வாசகர், கரோல் பாக்)

பதில்: இமாசலப் பழம் ஜூலை வாக்கில் டெல்லி ஆசாத்பூர் மொத்த மண்டிக்கு வர ஆரம்பிக்கும், செப்டம்பர், அக்டோபரில் காஷ்மீர்ப் பழம் குவியும். மே மாதம் நீங்கள் கடிக்கும் நம் நாட்டுப் பழம் போன வருஷம் பறித்துக் குளிர்கிடங்கில் தூங்கிய பழம். வெளியே எடுத்து வெயிலில் ரேடியில் நாலு நாள் நின்றால் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடும், பல்லில் மாவாக நெரியும். நானும் ஒரு ஏப்ரலில் பெட்டியோடு வாங்கி ஏமாந்தேன், மேல்வரிசை மாப்பிள்ளை மாதிரி, கீழே மூன்று வரிசையும் மாவு. வெயில் காலத்தில் ஃபூஜி ரகம் கேளுங்கள், கெட்டிப் பழம், நாள் தாங்கும். பெருவிரலால் காம்புப் பக்கம் அமுக்கிப் பாருங்கள், கொஞ்சம் அமுங்கினாலும் வேண்டாம். கையில் தூக்கினால் அளவுக்கு மீறி லேசாக இருப்பதும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில், கீரையிலிருந்து தள்ளி வையுங்கள், ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவில் கீரை சீக்கிரமே மஞ்சளாகும். ஏற்கெனவே வாங்கிய மாவுப் பழத்தைத் துருவி, நெய்யில் வதக்கி, ஏலக்காய் தட்டிப் போட்டு அல்வா கிண்டிவிடுங்கள், அதற்கு அதைவிடத் தோதான பழம் இல்லை.