ரெக்கார்டிங் லெவல்: சத்தம் கிழியாமல் பதிவு செய்வது எப்படி? (கேள்வி பதில்)

வீட்டில் பாடிப் பதிவு செய்பவர்கள், கச்சேரியில் ரெக்கார்டர் வைப்பவர்கள், நேர்காணல் எடுப்பவர்கள் என்று பலர் லெவல், அதாவது எவ்வளவு சத்தமாகப் பதிவாகிறது என்ற அளவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மீட்டர் 0-வைத் தொடும் அளவுக்கு ஏற்றி வைத்தால்தான் தரம் கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா சார்?

டேப் காலத்தில் அது நல்ல அறிவுரை. டேப்பில் இரைச்சல் அதிகம், லெவல் குறைந்தால் பாட்டு அதில் மூழ்கிவிடும். கொஞ்சம் மிஞ்சினாலும் டேப் மெல்ல மெல்லத்தான் சிதையும். டிஜிட்டலில் 0 டெசிபல்தான் உச்சவரம்பு. 16 பிட்டில் (பிட் என்பது ஒலியின் அளவை எழுதும் எண்ணின் நீளம்) 32,767-க்கு மேல் எழுத எண்ணே கிடையாது, அதற்கு மேல் வரும் அலையின் தலை அப்படியே வெட்டுப்படும்.

24 பிட்டில் வையுங்கள். மிகச் சிறிய சத்தத்துக்கும் உச்சவரம்புக்கும் நடுவே கணக்குப்படி 144 டெசிபல் இடம் இருக்கிறது, நல்ல இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) நடைமுறையில் 110-க்கு மேல் கிடைக்கும். உங்கள் அறையின் ஃபேன் சத்தமே கருவியின் சொந்த இரைச்சலைவிட எவ்வளவோ மேலே இருக்கும். ஆகவே மீட்டரில் சராசரி மைனஸ் 18 டெசிபல் பக்கம், உச்சம் மைனஸ் 12-இலிருந்து மைனஸ் 6-க்குள் இருந்தால் போதும். சத்தம் போதவில்லையென்றால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: டெஸ்ட் பண்ணும்போது சரியாக இருக்கிறது, பாடும்போது சிவப்பு எரிகிறது. ஏன் அண்ணா?

பல்லவியின் முதல் வரியை மெதுவாகப் பாடி லெவல் வைத்திருப்பீர்கள். சரணத்தில் மேல் ஸ்தாயிக்குப் போகும் இடம் எதுவோ, அதை முழுக் குரலில் பாடி அதற்கு வையுங்கள். அப்படி வைத்த பிறகும் இன்னும் ஒரு 6 டெசிபல் இறக்குங்கள். டெஸ்ட்டில் பாடுவதைவிட நிஜ டேக்கில் எல்லோருமே உரக்கத்தான் பாடுகிறார்கள்.

கேள்வி: கச்சேரியில் மிக்சரிலிருந்து ஒரு வயர் எடுத்து என் கையடக்க ரெக்கார்டரில் போட்டேன். மீட்டர் மைனஸ் 10-ஐத் தாண்டவே இல்லை. ஆனாலும் மிருதங்கம் விழும் இடமெல்லாம் சத்தம் கிழிகிறது.

நிறைய பேர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. ஃபைலைத் திறந்து மிருதங்கத்தின் ஒரே ஒரு அடியை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மைனஸ் 10 பக்கத்திலேயே அலையின் மேலும் கீழும் கத்தியால் சீவியது போல நேர்கோடாக இருந்தால், மீட்டருக்கு வருவதற்கு முன்பே அது உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

மைக்கிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கு. மிக்சரின் லைன் அவுட்டில் ஒரு வோல்ட்டுக்கு மேலேயே வரும். ரெக்கார்டரின் உள்ளீடு 'மைக்' என்று இருந்தால் முதல் ஆம்ப்ளிஃபையரே அந்த அடியைத் தாங்காமல் வெட்டிவிடும். பல ரெக்கார்டர்களில் லெவல் குமிழ் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. நீங்கள் குறைத்ததெல்லாம் ஏற்கெனவே வெட்டுப்பட்ட அலையைத்தான். உள்ளீட்டை 'லைன்' என்று மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் நடுவில் 20 டெசிபல் பேட் (சிக்னலைக் குறைத்து அனுப்பும் சிறு இணைப்பு) ஒன்று போடுங்கள், அல்லது மிக்சர்காரரிடம் சொல்லி அந்த அவுட்டை இறக்கச் சொல்லுங்கள்.

அப்புறமும் கிழிந்தால் மிக்சரில் மிருதங்கச் சேனலின் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். அங்கேயே உடைந்தால் உங்கள் ரெக்கார்டரில் எதைத் திருகியும் பயனில்லை. அங்கே கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைக்கச் சொல்லிக் கேட்டாக வேண்டும்.

கேள்வி: சாஃப்ட்வேரில் ஃபேடரை (சத்தத்தை ஏற்றி இறக்கும் பட்டையை) இறக்கியும் சிவப்பு போகவில்லை.

ஃபேடர் நீங்கள் கேட்கும் அளவை மட்டும்தான் மாற்றும். ஹெட்போன் குமிழும் அப்படித்தான். பதிவாகும் லெவலை மாற்றுவது இன்டர்ஃபேஸில் இருக்கும் கெயின் குமிழ். ஹெட்போனில் சத்தம் குறைவாகக் கேட்கிறது என்று கெயினை ஏற்றாதீர்கள்.

கேள்வி: தவில் பதிவு செய்யும்போது ஊசி மீட்டர் பாதியில்தான் நிற்கிறது. ஆனால் கிளிப் விளக்கு (அலை வெட்டுப்படும்போது எரிவது) எரிகிறது. எதை நம்புவது?

விளக்கை நம்புங்கள். ஊசி வைத்த வியூ மீட்டர், காதுக்குத் தெரியும் சராசரிச் சத்தத்தைக் காட்டச் செய்யப்பட்டது. தொடர்ந்து வரும் ஒலியிலேயே அது முழு அளவுக்கு ஏற 300 மில்லிசெகண்ட் ஆகும். விரலில் கூடு மாட்டி வலந்தலையில் தட்டும் ஒரு அடியின் உச்சம் சில மில்லிசெகண்டில் வந்து போய்விடும், ஊசி அசையக்கூட நேரமிருக்காது. தவில், கஞ்சிரா, கைதட்டல் இதற்கெல்லாம் பீக் மீட்டர்தான் பார்க்க வேண்டும். மைக்கையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும்.

கேள்வி: 32 பிட் ஃப்ளோட் வந்துவிட்டதே, இனி லெவலே பார்க்க வேண்டாமா?

32 பிட் ஃப்ளோட் என்பது 0 டெசிபலுக்கு மேலேயும் எண் எழுத முடிகிற ஃபைல் வடிவம். அதற்கென்றே செய்த ரெக்கார்டர்களில் பெரும்பாலும் வேண்டாம். ஜூம் எஃப்6 போன்றவற்றில் சிறிய சத்தத்துக்கு ஒன்று, பெரிய சத்தத்துக்கு ஒன்று என இரண்டு கன்வெர்ட்டர்கள் (ஒலியலையை எண்ணாக மாற்றுபவை) சேர்ந்து வேலை செய்கின்றன. ஆனால் சாதாரண 24 பிட் இன்டர்ஃபேஸை வைத்துக்கொண்டு சாஃப்ட்வேரில் மட்டும் 32 பிட் ஃப்ளோட் என்று மாற்றினால் ஒன்றும் மாறாது, கன்வெர்ட்டரில் வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். நாதஸ்வரத்தின் அணசுக்கு (அடியில் விரிந்திருக்கும் வாய்) நேரே மைக் வைத்து அந்த மைக்கே திணறினாலும் எந்த ஃபைல் வடிவமும் உதவாது.

கேள்வி: கிழிந்துபோன ஒரு பதிவு இருக்கிறது. திரும்ப எடுக்க வழியில்லை. காப்பாற்றலாமா?

அங்கங்கே ஓரிரு இடங்களில் மட்டும் உடைந்திருந்தால் முயன்று பார்க்கலாம். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் 'கிளிப் ஃபிக்ஸ்' இருக்கிறது. வெட்டுப்பட்ட தலை எப்படி இருந்திருக்கும் என்று இரு பக்கச் சரிவையும் வைத்து ஊகித்து வரைகிறது. வரையும் தலைக்கு மேலே இடம் வேண்டும் என்பதால், அதிலேயே லெவலைக் குறைக்கும் அமைப்பையும் சேர்த்து வையுங்கள். முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதில் செய்யுங்கள். பாட்டு முழுக்கத் தட்டையாகியிருந்தால் கரகரப்பு கொஞ்சம் குறையலாம், பழைய குரல் வராது.

திரும்பக் கிடைக்காத நிகழ்ச்சிக்குப் போகும்போது ரெக்கார்டரில் இரட்டைப் பதிவு வசதி இருக்கிறதா பாருங்கள். அதே ஒலியை 6 அல்லது 12 டெசிபல் குறைத்து இன்னொரு ஃபைலில் எழுதும். முதல் ஃபைலில் ஓரிடம் உடைந்தால் அந்த இடத்தை மட்டும் குறைத்து எழுதிய ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.