எச்.ஆர். ஆபரேஷன்ஸா, பெர்ஃபார்மன்ஸா: எந்த மென்பொருளை முதலில் வாங்குவது? டெல்டா நிறுவனங்களின் கேள்விகளும் பதில்களும்

திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரை ஆலை, ஜவுளிக்கடை, பள்ளி, மருத்துவமனை எனப் பல இடங்களில் சம்பளக் கணக்கும் எச்.ஆர். (ஊழியர் நிர்வாக) மென்பொருளும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றதும், பெரும்பாலும் இதையேதான் கேட்டிருக்கிறீர்கள்: வருகை, விடுப்பு, சம்பளம், பி.எஃப். பார்க்கும் ஆபரேஷன்ஸ் மென்பொருளை வாங்குவதா, இலக்கு, மதிப்பீடு, ரேட்டிங் பார்க்கும் பெர்ஃபார்மன்ஸ் மென்பொருளை வாங்குவதா? இடத்துக்கு இடம் பதில் மாறும் என்பதால் தனித்தனியாகவே சொல்கிறேன்.

நீடாமங்கலம், அரிசி ஆலை: அக்கா, எங்க ஆலையில 40 பேர் மாசச் சம்பளம், லோடுமேன் தனி. மச்சான் சென்னையில ஐ.டி.ல இருக்கார். கே.பி.ஐ.ன்னு வேலைக்கு அளவுகோல் போட்டு ஆளுங்களை அளக்கணும், அதுக்கு மென்பொருள் இருக்குன்னு சொல்றார். வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. மச்சானிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் வேலை பார்க்கும் இடத்துக்கு அது சரி. உங்கள் தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. மாதக் கடைசியில் உங்கள் கணக்கப்பிள்ளை எதில் மண்டையை உடைத்துக்கொள்கிறார் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

நெல் வரத்து அதிகமான நாட்களில் ஆலை ராத்திரியும் ஓடும். பாய்லர்காரர் ராத்திரி 10 மணிக்கு விரல் வைத்து உள்ளே போகிறார், காலை 6 மணிக்கு வெளியே வருகிறார். ஷிப்ட் அமைப்பு சரியில்லாத மெஷினில் முதல் நாள் ‘அவுட்’ இல்லை, மறுநாள் ‘இன்’ இல்லை. ஒரு ஷிப்ட் வேலை செய்தவருக்கு இரண்டு நாள் குறை விழுகிறது. அதைப் பேனாவால் அடித்துத் திருத்தி, பிறகு எக்செல்லில் ஏற்றி, தீபாவளி அட்வான்ஸைக் கழித்து, 15-ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். இந்த வேலையைத் தூக்கிக்கொள்வது ஆபரேஷன்ஸ் மென்பொருள்தான்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். உமியிலும் சாக்கிலும் புழங்குகிற கையில் ரேகை தேய்ந்திருக்கும், விரல் மெஷின் பாதிப் பேரை அடையாளம் காணாது. முகம் பார்க்கும் மெஷின் போடுங்கள். அடுத்து, மூட்டைக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு அந்தக் கணக்கை நேரடியாக ஏற்றும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பல மென்பொருள்களில் மாதச் சம்பளத்துக்கு மட்டுமே இடம் இருக்கும்.

கும்பகோணம், ஜவுளிக்கடை: மேடம், 120 பேர் வேலை பாக்குறாங்க. சேல்ஸ் ஆளுங்களுக்கு ஸ்டார் ரேட்டிங் போடுற மென்பொருளை டெமோ காட்டினாங்க. மாமாவுக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு.

டெமோவில் எல்லாமே பிடிக்கும்! யார் எவ்வளவு விற்றார் என்ற கணக்கு உங்கள் பில்லிங்கிலேயே ஊழியர் எண்ணோடு இருக்கிறது. இன்சென்டிவ் கொடுக்க அது போதும், அதற்கென்று தனி மென்பொருள் வேண்டியதில்லை.

விற்பனைத் தொகையை வைத்து ஸ்டார் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? முகூர்த்தப் பட்டு கவுண்டரில் நிற்கும் பெண் ஒரு கல்யாணக் குடும்பத்திடம் ஒரே மத்தியானத்தில் காட்டும் தொகையை, உள்பாவாடை கவுண்டரில் நிற்கும் பெண் ஒரு வாரம் பேசினாலும் தொட முடியாது. யார் திறமைசாலி என்று அந்த எண் சொல்லாது, யாரை எந்த கவுண்டரில் நிறுத்தினீர்கள் என்று மட்டும் சொல்லும். அதை ஸ்டாராக மாற்றி எல்லோர் போனிலும் காட்டினால், அடுத்த ஆவணி முகூர்த்தத்துக்குள் நல்ல ஆட்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள்.

இன்னொன்று. இந்த மாதிரி மதிப்பீட்டுப் படிவங்களில் ‘எப்போதும் நின்று கவனிக்கிறார்’ என்று ஒரு வரி வரும். எடுத்துவிடுங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். உங்களுக்கு முதலில் வேண்டியது ஷிப்ட், வாராந்திர ஓய்வு, முகூர்த்த நாள் விடுப்பு ஆகியவற்றை முன்கூட்டிக் காட்டும் பட்டியல்.

பெயர் வேண்டாம், ஊழியர்: எங்க கம்பெனியில புதுசா மென்பொருள் வந்துச்சு. எனக்கு 5-க்கு 3. ஏன்னு யாரும் சொல்லல, கேட்டா ‘சிஸ்டம் போட்டது’ங்கிறாங்க.

சிஸ்டம் எதையும் போடாது, ஒரு மனிதர் போட்டதை அது கூட்டிக் காட்டும். உங்கள் மேலாளரிடம் ஒரே ஒரு கேள்வி எழுத்தில் கேளுங்கள்: ‘4 வாங்க நான் என்ன செய்திருக்க வேண்டும்?’ பதில் வந்தால் அந்த மென்பொருள் கொஞ்சமாவது வேலை செய்கிறது. வராவிட்டால் குறை உங்களிடம் இல்லை.

தஞ்சாவூர், சாப்ட்வேர் நிறுவனம்: நாங்க 35 பேர். வருகைப் பதிவு எங்களுக்குப் பிரச்சினையே இல்லை, சம்பளத்தை ஆடிட்டர் பாத்துக்கிறார். ஆனா ரெண்டு வருஷம் வேலை கத்துக்கிட்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் கிளம்பிடுறாங்க. எங்களுக்கும் ஆபரேஷன்ஸ்தான் முதல்லயா?

இல்லை. உங்களுக்கு வரிசை தலைகீழ். ஐ.டி. நிறுவனங்களுக்கான மினி டைடல் பார்க் வந்த பிறகு இதே கேள்வியை இந்த ஊரில் நிறையக் கேட்கிறேன். ஆள் போவதற்குச் சம்பளம் ஒரு காரணம்தான். ‘அடுத்து நான் என்ன ஆவேன்’ என்று யாரும் சொல்லாதது இன்னொரு காரணம், இரண்டாவதைத்தான் உங்களால் இந்த மாதமே சரிசெய்ய முடியும்.

ஆனாலும் நேராக மென்பொருளுக்குப் போகாதீர்கள். ஆபரேஷன்ஸ் மென்பொருள் எப்படியும் நடக்கிற வேலையைச் சுலபமாக்கும், சம்பளம் போடாமல் எந்த நிறுவனமும் இருக்காது. பெர்ஃபார்மன்ஸ் மென்பொருளின் கதை வேறு. மேலாளரும் ஊழியரும் உட்கார்ந்து பேசும் பழக்கம் இருந்தால்தான் அதில் பதிய ஏதாவது இருக்கும். பழக்கம் இல்லாத இடத்தில் அது நினைவூட்டல் மெயில் அனுப்பும், அதை எல்லோரும் அழிப்பார்கள். மார்ச் 31 ராத்திரி எல்லாப் படிவத்திலும் ‘நன்று’ என்று நிரம்பும்.

அதனால் இரண்டு காலாண்டுக்கு ஒரு சாதாரண கூகுள் ஷீட் போதும். ஒருவருக்கு மூன்று இலக்குக்கு மேல் வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் மேலாளர் தனியாகப் பேச வேண்டும், பேசியதை இரண்டு வரி எழுத வேண்டும். சம்பள உயர்வுப் பேச்சை இதோடு கலக்காதீர்கள், அதற்கு வேறு தேதி. கலந்தால் யாரும் தன் குறையை வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். இரண்டு காலாண்டு தாண்டியும் ஷீட் உயிரோடு இருந்தால் வாங்குங்கள். லாட்டிஸ், 15ஃபைவ், கல்ச்சர் ஆம்ப் போன்றவை இதற்கென்றே இருப்பவை, 35 பேருக்கு அவ்வளவு தேவைப்படாது. ஸோஹோ பீப்பிள், கேகா போன்றவற்றில் வரும் மதிப்பீட்டுப் பகுதியே தாராளம்.

ஓ.கே.ஆர். (ஒரு குறிக்கோள், அதை எட்டினோமா என்று காட்டும் சில அளவுகள்) போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இன்டெல்லில் அதன் தலைவராக இருந்த ஆண்டி குரோவ் வளர்த்தது, 1999-ல் முதலீட்டாளர் ஜான் டோர் மூலம் கூகுளுக்குப் போனது. நல்ல முறைதான், ஆனால் ஓ.கே.ஆர். மதிப்பெண்ணை நேராகச் சம்பளத்தோடு கட்டினால் எல்லோரும் எட்டிப் பறிக்கும் உயரத்தில்தான் இலக்கு வைப்பார்கள். ஆட்களை வரிசைப்படுத்திக் கடைசியில் நிற்பவரைக் கழிக்கும் முறையை மட்டும் தொடாதீர்கள். அடோபி 2012-ல் வருடாந்திர மதிப்பீட்டையே கைவிட்டது, மைக்ரோசாப்ட் 2013-ல் அந்த வரிசை முறையை விட்டது. அவர்கள் கழற்றிப் போட்டதை நாம் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

தஞ்சாவூர், தனியார் மருத்துவமனை: 200 ஊழியர்கள். மருத்துவமனைத் தரத்துக்குக் கொடுக்கிற என்.ஏ.பி.எச். அங்கீகாரத்துக்கு ஊழியர் மதிப்பீட்டுப் பதிவு கேக்கிறாங்க. அதுக்காகப் பெர்ஃபார்மன்ஸ் மென்பொருள் வாங்கணுமா மேடம்?

பதிவுதான் கேட்கிறார்கள் சார், மென்பொருள் கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் வேலை விவரம், அதை வைத்து ஆண்டுக்கொரு மதிப்பீடு, ஊழியரின் கையெழுத்து. காகிதத்தில் ஒழுங்காக இருந்தாலும் செல்லும்.

ஆய்வில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வேறு இடத்தில். நர்ஸின் கவுன்சில் பதிவு எப்போது முடிகிறது, யாருக்குத் தீயணைப்புப் பயிற்சி கொடுத்தீர்கள், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி யார் போட்டார்கள் என்று கேட்கும்போது கோப்பைத் தேடி ஓடுவார்கள். இவை எல்லாம் ஊழியர் ஆவணங்கள், காலாவதித் தேதிக்கு முன் எச்சரிக்கை தர வேண்டியவை. அது ஆபரேஷன்ஸ் பக்கம். சுழற்சி ஷிப்ட் வேறு இருக்கிறது. உங்களுக்கு அதுதான் முதலில்.

துவாக்குடி, ஃபேப்ரிகேஷன் யூனிட்: 90 பேர். மென்பொருள் வாங்கி ஆறு மாசம் ஆச்சு, இன்னும் பாதிப் பேர் விவரம் ஏறல. பி.எஃப். பக்கம் பெயர் பொருந்தலைன்னு வருது.

நம் பக்கத்து நோய் இது. படிவம் ‘முதல் பெயர், கடைசிப் பெயர்’ கேட்கும், நமக்கோ இனிஷியல்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் அட்டையில் அப்பா பெயர் விரித்து எழுதியிருக்கும், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் பின்னால், பி.எஃப். கணக்கில் இனிஷியலே இருக்காது. ஒரே ஆளுக்கு நான்கு பெயர். மென்பொருளில் எது ஏறினாலும் இன்னொன்றோடு இடிக்கும்.

ஆதாரில் இருக்கிற எழுத்தை எழுத்தாகவே எல்லா இடத்திலும் வையுங்கள். கடைசிப் பெயர் கட்டாயம் என்று மென்பொருள் அடம் பிடித்தால் அந்தக் கட்டாயத்தை எடுத்துத் தரச் சொல்லுங்கள், புள்ளி வைத்து ஒப்பேற்றாதீர்கள். பி.எஃப். பக்கம் தவறு இருந்தால் சிலர் தாங்களே இணையத்தில் திருத்திக்கொள்ளலாம், மற்றவர்களுக்கு ஊழியரும் நிறுவனமும் சேர்ந்து ஜாயின்ட் டிக்ளரேஷன் (கூட்டு உறுதிமொழி) கொடுத்துத் திருத்த வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகச் செய்வதுதான் வழி.

வருகைப் பதிவை அலட்சியமாக விடாதீர்கள். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிலகத்தில் 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி என்கிறது தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். நாளைக்கு வழக்கு என்று வந்தால் இரண்டு தரப்பும் தேடுவது அந்தப் பதிவேட்டைத்தான்.

திருவாரூர், மெட்ரிக் பள்ளி: ரெண்டையும் சேர்த்து ஒரே கம்பெனிகிட்ட வாங்கலாமா, தனித்தனியாவா? விலையில ஏமாறாம இருக்க என்ன கேக்கணும்?

சின்ன இடத்துக்கு ஒரே கம்பெனிதான் சரி. தனித்தனியாக வாங்கினால் யார் யாருக்குக் கீழே வேலை செய்கிறார் என்ற பட்டியல் இரண்டு இடத்தில் இருக்கும். ஜூனில் வேலையை விட்ட ஆசிரியைக்கு டிசம்பரில் ‘உங்கள் மதிப்பீட்டை நிரப்புங்கள்’ என்று மெயில் போவது இதனால்தான். ஆனால் மதிப்பீட்டுப் பகுதிக்கு இன்றே பணம் கட்டாதீர்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, ஆபரேஷன்ஸை மட்டும் எடுங்கள்.

விலையை ‘தலைக்கு மாதம் இவ்வளவு’ என்பார்கள். குறைந்தது இத்தனை பேருக்குக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை, ஆரம்ப அமைப்புக் கட்டணம், மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஜவுளிக்கடை மாதிரி இடங்களில் அந்த வரியை, தாங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார்கள். பள்ளிக் கட்டணத்துக்கு வரி விலக்கு என்பதால் உங்களால் கழிக்க முடியாது, முழுதும் செலவுதான்.

டெமோவுக்கு அவர்கள் கொண்டுவரும் மாதிரி விவரத்தை ஒத்துக்கொள்ளாதீர்கள். போன மாதச் சம்பளத்திலிருந்து மூன்று சிக்கலான ஆட்களை எடுங்கள்: 17-ஆம் தேதி சேர்ந்தவர், பிரசவ விடுப்பில் போனவர், அட்வான்ஸ் பாக்கியோடு வேலையை விட்டவர். மூன்று பேருக்கும் உங்கள் கண்ணெதிரே சம்பளம் போடச் சொல்லுங்கள். ‘பின்னாடி செஞ்சு அனுப்புறோம்’ என்றால் எழுந்து வாருங்கள். தொழில் வரியையும் கேளுங்கள். நமக்கு உள்ளாட்சியில் அரையாண்டுக்கு ஒருமுறை, கர்நாடகத்தில் மாதாமாதம். பெங்களூரில் செய்த மென்பொருளில் எது அமைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினம், காரைக்காலில் கிளை: விடுமுறைப் பட்டியல் ஒவ்வொரு வருஷமும் குழப்பம். மென்பொருள் வந்தா தீருமா?

கிளைவாரியாகப் பட்டியல் வைக்க முடிந்தால் தீரும். தமிழ்நாட்டுச் சட்டத்தில் தேசிய விடுமுறை 4, பண்டிகை விடுமுறை 5. காரைக்கால் புதுச்சேரியோடு சேர்ந்தது. ஆகஸ்ட் 16, நவம்பர் 1 அங்கே அரசு விடுமுறை, மாங்கனித் திருவிழா வேறு. உங்கள் பக்கம் நாகூர் கந்தூரி, வேளாங்கண்ணித் திருவிழா. மென்பொருளோடு வரும் பட்டியலில் இவை எதுவும் இருக்காது, நீங்கள்தான் ஏற்ற வேண்டும். ஒரே பட்டியலை எல்லாக் கிளைக்கும் போடுகிற மென்பொருள் என்றால் வேண்டாம்.

நாச்சியார்கோவில், குத்துவிளக்குப் பட்டறை: அக்கா, நாங்க 8 பேர். கூலி எடைக்கணக்கு. ரெண்டுல எது?

இரண்டும் வேண்டாம் தம்பி. பட்டறையில் 10 பேர் ஆனால் இ.எஸ்.ஐ., 20 பேர் ஆனால் பி.எஃப்., அப்போது யோசிக்கலாம். அதுவரை தேதி, ஆள் பெயர், எடை, கொடுத்த அட்வான்ஸ் என்று நான்கு கட்டம் போட்ட நோட்டு போதும். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது அவரவரிடம் காட்டிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.